வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு ரோஜா

வத்தேகம,
16.02.2025, ஞாயிறு

மைனாக்குட்டி,

நான் நலம், உன் நலம் எப்படி என்று எழுத வந்து பேனாவை நிறுத்திவிட்டேன். அதை விட்டுவிடுவோம். மற்றதை எழுதுகிறேன்.

போன கிழமை உன் நம்பருக்கு அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று கேட்காதே, கை போய்விட்டது. ஒரு சிங்கள அம்மா எடுத்து “கவுத?” என்று கேட்டாள். யார் என்று சொல்வது? வைத்துவிட்டேன். உன் நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கொப்பி. முன்பக்கம் முழுக்க நீ தைத்துக் கொடுத்த சட்டைகளின் அளவுகள் இருக்கின்றன. அதில் கை வைக்கவில்லை. பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். உன் அத்தை தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் ரோஜா பூத்துவிட்டது.

சந்தோஷப்படாதே, முழுக்கக் கேள். வெள்ளையாகப் பூத்திருக்கிறது. முருங்கைப் பூ மாதிரி சின்னச் சின்னதாக, கொத்துக் கொத்தாக. நீ திகனவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அன்று நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? “என்னாடி இது, கழுவிக் கழுவி வெளுத்த கலரு? செவப்பு கெடைக்கலையா?” என்றேன். “அத்தை, இது என் பரிசச் சேலக் கலரு. வெங்காயத் தோலு. நல்லாப் பாருங்க, ரோஸுக்குள்ள ஊதா ஓடுது” என்றாய். எனக்கு அன்றைக்கு ஒன்றும் ஓடித் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. காலையில் பனி விலகும்போது அந்தப் பூ ஒரு மாதிரி இருக்கும்.

அந்தச் செடியில் இப்போது வெள்ளை.

உன் புருஷன் கிருஷாந்தன் வேலைக்குப் போக வெளிக்கிட்டவன், வாசலில் அப்படியே நின்றுவிட்டான். “பாத்தீங்களாம்மா, வெள்ளையாக்கிட்டா. வேணாங்குறா” என்றான்.

எதை வேண்டாம் என்கிறாய் என்று உனக்குச் சொல்ல வேண்டும். மறைக்க மாட்டேன். நீ அந்தக் காய்ச்சலில் அஞ்சே நாளில் போய், கார்த்திகையோடு ஒரு வருஷம் முடிந்துவிட்டது. திதி கொடுத்த அன்றே பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள், முப்பத்திரண்டு வயசுப் பிள்ளையை இப்படியே விடுவதா என்று. பல்லேகலவில் இவனோடு வேலை செய்கிற கலாராணி என்று ஒருத்தி. அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாணம் இல்லாமல் இருந்துவிட்டாள். தை மாதம் இவனும் சரி என்று தலையை ஆட்டினான். மாசி பிறந்ததும் போய்ப் பார்ப்பதாக இருந்தது. இப்போது உன் வெள்ளைப் பூவைப் பார்த்துவிட்டு முடியாது என்கிறான்.

நீதான் சொன்னாயா மைனா?

உன் அத்தை,
அங்கம்மா

*

வத்தேகம,
23.03.2025

மைனா,

நீ சொல்லவில்லை. நான்தான் செய்திருக்கிறேன்.

வெள்ளைப் பூவோடு ஒரு குச்சியை ஒடித்து எடுத்துக்கொண்டு, உன் பரிசச் சேலையின் சட்டைத் துணியில் மிஞ்சிய துண்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு திகனவுக்குப் போனேன். நீ வாங்கிய அதே பூக்கன்றுக் கடை. கடைக்காரி ஜெஸீமாவுக்கு உன்னை ஞாபகம் இருக்கிறது. “பஸ் வர்ற வரைக்கும் கத சொல்லிட்டே நிப்பாளே, அந்தப் புள்ளயா?” என்று கேட்டாள். நீ போய்விட்டாய் என்றதும் இன்னாலில்லாஹி என்று சொல்லி, கதிரையைத் துடைத்துப் போட்டு, எனக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

நான் துணியை எடுத்து நீட்டினேன். இந்தக் கலரில் வாங்கிய செடி எப்படி வெள்ளையாகும் என்று கேட்டேன்.

“அக்கா, இது கன்று விக்கிற எடம். நீங்க பொடவக் கடைக்கி வந்த மாதிரி வந்திருக்கீங்க” என்று சிரித்தாள். குச்சியை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “எலய எண்ணுங்க. ஒரு காம்புல ஏழு இருக்கா? அந்தப் புள்ள கொண்டு போனதுல அஞ்சுதான். செடிய வெட்டினீங்களா?”

“கவ்வாத்துப் பண்ணினேன்.”

“எவ்வளவு ஒசரத்துல?”

கையால் காட்டினேன். நாலு விரல் உயரம்கூட இல்லை. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ரோஜான்னா ரெண்டு செடி, அக்கா. கீழ காட்டு ரோஜா வேரு. அதுல நம்ம பூவோட கண்ண வச்சு ஒட்டியிருக்கும். முடிச்சு மாதிரி ஒரு எடம் இருந்திருக்குமே. அதுக்குக் கீழ வெட்டிட்டீங்க. பூவ வெட்டி எறிஞ்சிட்டு, ஒரு வருஷமா வேரத்தான் வளத்திருக்கீங்க.”

அந்த முடிச்சு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏதோ சீக்கு வந்து வீங்கியிருக்கிறது என்று நினைத்தேன்.

மைனா, நீ போன அடுத்த மாதம் விடாத மழை. உன் செடியின் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி, கொட்டி, வெறும் குச்சியாக நின்றது. பார்க்கப் பார்க்க எனக்கு உன் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வந்தது. இதையும் சாகவிட மாட்டேன் என்று நினைத்தேன். உன் மாமா கணபதி இருந்த காலத்தில் கவ்வாத்துக்காரர். ஒரு மலைத் தேயிலையை முழுக்க மொட்டையடித்துவிட்டு வருவார். மூன்றாம் மாதம் கொழுந்து கிள்ளப் போனால் கை கொள்ளாது. எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அலுமாரிக்கு மேலே இருந்த அவர் கத்தியை எடுத்துத் தீட்டி, ஒரே வெட்டு. தளிர் வந்ததும் ஊரெல்லாம் சொன்னேன், என் மருமகள் செடியை நான் பிழைக்க வைத்துவிட்டேன் என்று.

கிருஷாந்தன் அப்போது தூங்கியே கிடந்தான். நான் வெட்டியது அவனுக்குத் தெரியாது.

இன்றைக்கு வந்து சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். வந்து பார்த்தால் அவன் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை.

அத்தை

*

வத்தேகம,
20.04.2025

என் மைனாவுக்கு,

வருஷப் பிறப்பு வந்து போனது. உனக்கும் ஒரு தட்டில் பலகாரம் வைத்தேன். கொக்கிஸ் முறுகலாக வரவில்லை, நீ இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பாய்.

ஒரு மாதமாக நான் அவனிடம் சொல்லவில்லை. ஏன் என்று உன்னிடம் மட்டும் எழுதுகிறேன். எனக்கு அந்த வெள்ளைப் பூ பிடித்துப்போய்விட்டது. அவன் கல்யாணம் வேண்டாம் என்றதும் வாயால்தான் திட்டினேன். உள்ளுக்குள்ளே நிம்மதி. இன்னொருத்தி வந்து உன் கொக்கியில் அவள் உடுப்பை மாட்டுவாள். உன் குடத்தைத் தூக்குவாள். என்னை அத்தை என்பாள். நாலு வருஷம் நீ கூப்பிட்டதை அவள் வாயிலிருந்து நான் எப்படிக் கேட்பேன்? நாம் மூன்று பேரும் இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. உன்னையும் சேர்த்துத்தான் மூன்று.

ஆனால் அவன் சாப்பிடுவதில்லை, மைனா. உருளைக்கிழங்குப் பிரட்டலும் ரொட்டியும் வைத்தால் பாதியில் கையைக் கழுவுகிறான். தை மாதம் முழுக்க போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தவன், இப்போது போனைக் கவிழ்த்து வைக்கிறான். இரண்டு தடவை அது அடித்தது. கலா என்று எழுத்து வந்தது. எடுக்கவில்லை.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். திட்டாதே.

தாலியோடு போனவளுக்கு, அவளுக்குப் பிடித்த பூவை வைத்துக் கும்பிட்ட பிறகுதானே நம் வீட்டில் அடுத்த தாலி ஏறும். உன் கலர்ப் பூ ஒன்று அந்த இடத்திலேயே பூத்துவிட்டால், நீ மனசு மாறிவிட்டாய் என்று அவன் நம்புவான். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஜெஸீமாவிடம் மறுபடி போனேன்.

மூன்று செடி காட்டினாள். ஒன்று ஊதா அதிகம், பார்க்கவே நோஞ்சான். “இது வெயில்ல வெளுத்துரும், பனியில சாம்பல் பூத்துரும். ஒங்களுக்கு வேணாம்” என்று அவளே தள்ளி வைத்தாள். இன்னொன்றில் இலை மினுமினு என்று எண்ணெய் தடவின மாதிரி. பூவில் இதழ் குறைவு, நடுவில் மஞ்சள் தெரிகிறது. நிறம் உன் துணியைவிட ரோஸ் பக்கம் சாய்ந்தது. மூன்றாவது உன் சேலையேதான். துணியைப் பக்கத்தில் பிடித்தேன், வித்தியாசமே இல்லை. இதழ் அடுக்கடுக்காக, முட்டைக்கோஸ் மாதிரி.

“அத எடுக்காதீங்க. ரொம்ப அடுக்குள்ள பூ நம்ம மழைக்கி ஆகாது. மொட்டு நனைஞ்சி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு, விரியாமயே அழுகிரும். மினுக்கு எல உள்ளதுதான் இந்த ஈரத்துக்குத் தாங்கும், புள்ளியும் விழாது” என்றாள்.

“கலர் இதுதான் பொருந்துது” என்றேன்.

“நீங்க துணிக்கிப் பொருந்துதான்னு பாக்குறீங்க. வத்தேகம மழைக்கிப் பொருந்துதான்னு பாருங்கக்கா.”

நான் கேட்கவில்லை. முட்டைக்கோஸைத்தான் கொண்டுவந்தேன். அவன் வேலைக்குப் போன பிறகு உன் செடியின் அடியிலேயே குழி தோண்டி, வெள்ளைக் கிளைகளுக்கு நடுவில் ஒளித்து நட்டிருக்கிறேன். ஏழு மொட்டு இருக்கிறது.

கள்ளி,
அத்தை

*

வத்தேகம,
08.06.2025

மைனா,

ஜெஸீமா சொன்னதுதான் நடந்தது.

மூன்று கிழமையாக மழை. ஏழு மொட்டும் நன்றாகத்தான் பருத்தன. கலர்கூடத் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக, மேல் இதழ் தேத்தண்ணிச் சாயம் பட்ட மாதிரி பழுப்பாகி, ஈரக் கடதாசி உருண்டை மாதிரி இறுகிவிட்டது. விரலால் பிரித்துவிடப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. உள்ளே எல்லாம் அழுகல். இலையில் பழைய கரும்புள்ளி.

நேற்று அவனும் பார்த்துவிட்டான். கிளையை விலக்கி, அந்த உருண்டையைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றான். “அவ கலர்தாம்மா. வந்துட்டு, தெறக்க மாட்டேங்குறா” என்றான். என் தந்திரத்தால் முன்னைவிட மோசமாகிவிட்டது.

இன்று சந்தையில் கலாராணியைப் பார்த்தேன். முதல் தடவை நேரில். படத்தில்தான் பார்த்திருந்தேன். கருணைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவள், அவளாகவே வந்து “அம்மா, நீங்க கிருஷாந்தன்ட அம்மா தானே” என்றாள். நான் முகத்தை இறுக்கிக்கொண்டேன். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவரு ஒழுங்கா சாப்பிடுறாராம்மா? வேலையில சோத்துப் பொட்டிய அப்படியே மூடிக் கொண்டு போறாரு” என்று கேட்டாள்.

“சாப்பிடுறான்” என்றேன்.

“பூ விசயம் சொன்னாரும்மா. எனக்கு ஒன்னும் கோவம் இல்ல. அக்காவுக்கு இஷ்டம் இல்லாம நான் எப்படி அந்த வீட்டுக்கு வாறது? அவங்க மனசு நோகக் கூடாது.”

அக்கா என்றாள். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை, எந்த அக்கா என்று கேட்டேன். “சிந்துஜா அக்காதான்” என்றாள். உன்னைவிட மூன்று வயது மூத்தவளடி அவள். உன்னை அக்கா என்கிறாள்.

என் பையைப் பிடுங்கி பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் மனசில் உனக்கு ஒரு இடம் வைத்திருக்கிறாள். நானோ உன் பெயரில் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வேண்டாம் என்று நீ சொன்னதாக ஊரே நம்புகிறது. நீயா அப்படிச் சொல்கிறவள்? பக்கத்து வீட்டுக் கோழிக்கு யார் சோறு வைப்பார்கள் என்று காய்ச்சலோடு கேட்டவள் நீ.

இப்போது அவன் குளிக்கிறான். சாப்பிட வருவான்.

அத்தை

*

வத்தேகம,
06.07.2025

மைனா,

அன்றைக்கே சொல்லிவிட்டேன். உனக்கு எழுதத்தான் இத்தனை நாள்.

சோற்றைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். “அந்த வெள்ளைய அவ ஆக்கல. நான்தான் அப்பா கத்தியால வெட்டினேன், கவ்வாத்து மாதிரி. ஒட்டுக்குக் கீழ வெட்டிட்டேன். இப்ப அழுகுனதும் அவ இல்ல. நான் திகனவுல வாங்கி நட்டது” என்றேன்.

அவன் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் வெளியே போனான். செடியடியில் குந்தி, இரண்டு பக்கக் கிளையையும் விலக்கி, மண்ணைச் சுரண்டி, அந்த வெட்டைக் கண்டுபிடித்தான். பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

“ஒரே வெட்டா?”

“ஆமா.”

“எப்ப தெரியும் ஒங்களுக்கு?”

“பங்குனியில.”

“மூனு மாசம்.” அவ்வளவுதான் சொன்னான்.

பிறகு பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. “தண்ணி”, “கதவு”, இப்படி ஒற்றை வார்த்தை. உன் மாமாவின் கத்தியை எடுத்துப் போய் எங்கோ வைத்துவிட்டான். நான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது, “நான் வெள்ளைன்னு பயந்து அவள அழ வச்சிட்டேம்மா” என்றான். அவள் என்றால் கலாராணி. பிறகு என் மூஞ்சியைப் பார்த்து, “நீங்க கவ்வாத்துப் போட்டதுல அந்த வேரு தப்புனதே பெரிய விசயம். அப்பா இருந்தா ஒங்களுக்கு ஒரு நாள் கூலிக்கிப் பேர் போட்டிருப்பாரு” என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கழித்து அது சிரிப்பாக இல்லை. அவன் உனக்காக அழுததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில்கூட அழவில்லையே அவன்.

அவனே ஜெஸீமாவுக்கு போன் போட்டான். அவள் நேற்று வந்திருந்தாள். முட்டைக்கோஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உன் செடியின் அடியைப் பார்த்தாள். “வேரு நல்ல வேரு. இத ஏன் எறியணும்? இதுலயே ஒட்டலாம்” என்றாள். “எத ஒட்டணும்க்கா, எந்தக் கலர்?” என்று கேட்டு என்னைப் பார்த்தாள். துணி என் கையில்தான் இருந்தது. மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

“அந்த மினுக்கு எலை” என்றேன்.

கொண்டுவந்த குச்சிகளில் மினுக்கு இலைக் குச்சியிலிருந்து ஒரு கண்ணைச் சீவி எடுத்து, வேரில் பட்டையை லேசாகக் கீறி, உள்ளே சொருகி, நாடாவால் சுற்றிக் கட்டினாள். காயத்துக்குத் துணி சுற்றுவது மாதிரிதான். காலையில் மட்டும், அடியில் மட்டும் தண்ணி ஊற்ற வேண்டுமாம், இலையில் படக் கூடாதாம். காற்றுப் போக நான்கு பக்கமும் வெட்டிவிட வேண்டுமாம். “கத்திரிக்கோலால, அக்கா. ஒங்க வீட்டுக் கத்தியால இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிருஷாந்தன் இன்று பல்லேகலப் பக்கம் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை. வேலை கிடையாது.

அத்தை

*

வத்தேகம,
30.10.2025, வியாழன்

மைனாக்குட்டி,

நாளை வெள்ளிக்கிழமை, காலையில் கோயிலில் தாலி. பத்துப் பேர்தான். வாழை கட்டியாகிவிட்டது. சேலை எடுக்கப் போனபோது கலாராணி, “அம்மா, வெங்காயத் தோல் கலர் வேணாம், அது அக்காட. நான் பச்ச எடுக்குறேன்” என்றாள். என்னை இன்னும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். “அத்தைங்கிறது அம்மாவுக்கு அக்கா வச்ச பேரு” என்றாளாம் இவனிடம். பார்க்கலாம்.

உன் கொக்கியை நானே காலி பண்ணினேன். சேலைகளை என் பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்தக் கொப்பியும் அங்கேதான் போகும்.

ஒட்டு பிடித்துவிட்டது. மேலே இருந்த வெள்ளைக் கிளையெல்லாம் வெட்டியாகிவிட்டது. ஐப்பசி மழையிலும் ஒரு இலையில் புள்ளி இல்லை. கீழே காட்டுத் தளிர் வந்தால் நான் உடனே கிள்ளிவிடுகிறேன். ஏழு இலையா அஞ்சு இலையா என்று எண்ணாமல் இப்போது நான் எதையும் கிள்ளுவதில்லை.

மூன்று மொட்டு வந்தது. இரண்டு இன்னும் பச்சை, வரும் கிழமை ஆகும். ஒன்று இன்று காலை விரிந்துவிட்டது. மழை பெய்தும் விரிந்தது. உன் துணியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றல்ல. இது கொஞ்சம் ரோஸ், கொஞ்சம் சிரித்த மூஞ்சி. ஆனால் ஓரத்தில் நீ சொன்ன அந்த ஊதா ஓடத்தான் செய்கிறது.

நாளை விடியக் கும்பிட உன் படத்துக்கு ஒரு பூ வேண்டும். கோயிலுக்குப் போகும்போது அவள் தலையில் வைக்கவும் நம் வீட்டுப் பூ ஒன்று வேண்டும். கிருஷாந்தனைக் கேட்டால் “நீங்களே முடிவு பண்ணுங்கம்மா” என்கிறான். கலாராணியைக் கேட்டால் உனக்கு என்றுதான் சொல்வாள், அதனால் அவளைக் கேட்கப் போவதில்லை. சந்தைப் பூ கூடை நிறைய வந்திருக்கிறது, அது வேறு.

கத்திரிக்கோலை எடுத்து வைத்திருக்கிறேன். செடியில் இருப்பது ஒரே ஒரு பூ.

யாருக்குடி பறிக்கட்டும்?